பிள்ளை போனபின் சுரந்த பால்

பிறந்த ஏழாம் நாள் காலை என் மகன் மார்பைப் பற்றவில்லை. பசியில் முனகினான், வாய்தான் திறக்கவில்லை. மதியத்துக்குள், தொட்டாலே உடம்பு விறைத்தது. ஆலத்தியூரில் பஸ் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா தொப்புளைப் பார்த்தார். "கொடிய எதால அறுத்தாங்க?"

"வூட்டுல இருந்த கத்தியாலங்க."

"கொதிக்க வெச்சாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

ரண ஜன்னி (காயத்தின் வழியே கிருமி புகுந்து தசைகளை இறுக்கும் நோய்) என்றார். கர்ப்பத்தில் போடவேண்டிய தடுப்பூசியையும் நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அடக்கம் செய்ய என் கணவர் எடுத்துப் போனார். எனக்குப் பால் கட்டி மார்பு இறுகிக் காய்ச்சல் வந்ததால் வார்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

பிள்ளை இறந்தபின்னும் பால் சுரக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. குழாயடிக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். பீய்ச்சிக் கொட்டினால் சற்று நேரத்தில் மார்பு மறுபடி கல்லானது.

பக்கத்துக் கட்டிலில் எறையூர்க் காசியம்மாள், பிரசவ வலிப்பில் நினைவின்றிக் கிடந்தாள். அவள் கணவர் பெண்குழந்தைக்குப் பால்பவுடரைப் புட்டியில் கரைத்துக் கொடுத்தார். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. நர்ஸம்மா என்னிடம் வந்தார்.

"ஒன்னால முடிஞ்சா இந்தப் புள்ளைக்குப் பால் குடும்மா. முடியலன்னா தப்பில்ல."

திரும்பி வந்திருந்த என் கணவர், "வேணாம் புள்ள. வா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"நீங்க போங்க. நான் பொறவு வரேன்."

குழந்தை பற்றியதும் வலியில் பல்லைக் கடித்தேன். இது அவனுடைய பால் என்று கோபம் வந்தது. ஆனால் அடுத்த வேளை வரும்வரை இருப்புக்கொள்ளவில்லை. காசியம்மாள் கண் விழித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

நான் பால் கொடுக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் காசியம்மாள் விழித்தாள். "யாரு நீ? எம்புள்ளயக் குடு."

கொடுத்தேன். அவளுக்குப் பால் இறங்கும்வரை இருவரும் ஊட்டினோம்; அதிகம் பேசிக்கொள்ளவில்லை. குழந்தையின் வயிற்றுப்போக்கு நின்றது, உச்சிக்குழி மேலே வந்தது. நான் கிளம்பும்போது, "இன்னொரு தடவ குடுத்துட்டுப் போக்கா" என்றாள்.

பஸ்ஸில் யாருடைய குழந்தையோ அழுதது. என் ரவிக்கை நனைந்தது. கூட்டிப்போக வந்திருந்த கணவர் துண்டை நீட்டினார்.

பால் வற்றிய பிறகும் உடம்பு அந்த வேளைகளை மறக்கவில்லை. களை எடுக்கும்போது கை தானாக நிற்கும். எறையூரில் அந்தக் குழந்தைக்குப் பசிக்கும் நேரம் என்று நினைப்பேன். என் மகனை நினைக்க வேளை எதுவும் வேண்டியிருக்கவில்லை.