வயர் உள்ள கன்ட்ரோலர்

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. யார் கூப்பிட்டாலும் கேட்பது ஒரே கேள்விதான். "தண்ணி விழுதா?" நான் நன்றாக இருக்கிறேனா, மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம், அதுவும் ஞாபகம் வந்தால். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரத்தில் வீடு கட்டியது எங்கள் தப்பு. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். சீசன் முழுக்க அவருக்கு அருவிக்கரையில் டியூட்டி. சொந்தக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அருவியில் நம்ம ஆள் நிற்கிறார், கூப்பிடு தூரத்தில் சோறு கிடைக்கிறது. அவர் காலையில் விசிலை எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் நனைந்த சட்டையோடு வந்து கட்டிலில் விழுவார். சோறு போடுவது நான்.

தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று ஊரார் சொத்துக்கெல்லாம் எல்லை அடித்துக் கொடுத்துக் கொடுத்து வலது மணிக்கட்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் கொடியில் இடமில்லாமல் ஜன்னல் கம்பி வரைக்கும் ஈரமான குற்றாலத் துண்டுகள் தொங்கும். என் புடவையைக் காயப்போட இடம் இருக்காது.

மகன் வேலைக்காகப் பெங்களூர் போனபோது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. தூசி துடைக்கப் போனவள் ஒரு நாள் திறந்து பார்த்தேன். சரக்கை ஏற்றிக்கொண்டு ஏதோ ஒரு தேசத்து ரோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுடுவது, வெட்டுவது ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் மரம். மழை பெய்தால் வைப்பர் ஆடும். அந்த ரோட்டில் என்னிடம் காப்பி கேட்க ஒருவரும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஓட்டுவேன். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த நேரம்தான். அதை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கை வீங்கியபோது டாக்டர் திட்டினார். "ஆபீஸ்ல அடிக்கது பத்தாதாம்மா? வீட்லயும் கீபோர்டைத் தொடணுமா?" மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான், ஆனாலும் கீபோர்டுக்குப் பதிலாகக் கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலர் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவைத்தான். வயர் இல்லாதது. இரண்டு கைக்குள்ளும் அடங்கி உட்கார்ந்தது. கீபோர்டில் தொட்டால் முழு வேகம், விட்டால் ஒன்றுமில்லை. இதிலோ ஆள்காட்டி விரல் படும் இடத்தில் இருக்கிற விசையை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு வேகம். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குச்சியைக் கட்டை விரலால் லேசாகச் சாய்த்தால் லாரி லேசாகத் திரும்பும். மணிக்கட்டு அசையவே வேண்டாம். அன்றைக்கு மலைப்பாதை முழுவதும் ஓட்டி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த சீசன் வந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். அருவி அதில் முக்கால்வாசியைக் கொண்டுபோகும், மீதி எங்கள் வீட்டுக்கு வரும். தலையணை உறை, கதவுக் கைப்பிடி, ரிமோட், எதைத் தொட்டாலும் வழுக்கும். வந்தவர்களின் பிள்ளைகள் கன்ட்ரோலரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வயர் இல்லையல்லவா, மொட்டை மாடிவரை போய்வந்தது. சீசன் முடிந்து நான் உட்கார்ந்தபோது, குச்சியைத் தொடாமலே லாரி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலியில் மோதியது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "உள்ள எண்ணெய் எறங்கிருக்கும்மா, இனி ஆகாது" என்றான் மகன். யாரிடம் போய்ச் சண்டை போட? பிள்ளைகள் விளையாடுகிற சாமான் இந்த வயதில் இவளுக்கு எதற்கு என்பார்கள். அன்றைக்கு வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். மீசை முளைக்காத பையன்கள் ஆளுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் சுட்டால் இத்தனை வேகம், அதில் குதித்தால் இத்தனை உயரம் என்று கத்தினார்கள். மணிக்கட்டு போன பொம்பளைக்கு எது நல்லது என்று ஒருவனும் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது. சிலவற்றில் குச்சி காந்தத்தில் வேலை செய்யுமாம், உள்ளே உரசல் இல்லாததால் சீக்கிரம் தேயாதாம்.

தென்காசியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"மவன் என்ன படிக்கான்?"

"மவனுக்கு இல்ல அண்ணாச்சி, எனக்கு."

"ஒங்களுக்கா? என்னத்துக்கும்மா?"

"லாரி ஓட்ட."

நான் கேலி செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பும் இல்லை. முதலில் எடுத்து வைத்தது கோயில் சப்பரம் மாதிரி கலர் கலராக மின்னியது. அடுத்ததில் பின்பக்க விசை வெறும் பொத்தான், டக்கென்று அமுங்கியது, பைய அமுக்க வழியில்லை. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்தால் என் கட்டை விரல் குச்சிக்கு எட்டவில்லை. நான்காவது கைக்கு அடக்கமாக இருந்தது. குச்சி காந்தத்தில் ஓடுவதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார், "அப்படித்தான் போட்டுருக்கான்" என்றார்.

"இதுலயே வயர் இல்லாததும் இருக்கும்மா. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்காங்க."

"வயர் உள்ளதே போதும்," என்றேன். வயர் இருந்தால் மேஜையை விட்டு எங்கேயும் போகாது. ஆள் இல்லாத நேரத்தில் சுருட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம்.

அதற்கடுத்த சீசனிலும் மதினி வந்தார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, திருவேங்கடம் என்கிற ஊரில் வாக்கப்பட்டவர். கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிற குடும்பம். வருஷம் தவறாமல் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து இறங்குவார். காப்பியில் சீனி பத்தாது, குழம்பில் உப்பு கூடிவிடும், என் வீட்டில் எனக்கே வேலை சொல்வார். அவர் வேனைப் பார்த்ததும் பரணிலிருந்து பெரிய பானையை இறக்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். மதினி மட்டும் முழங்கால் வலி என்று எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்றைக்கும் விடிவு கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று பீரோவைத் திறந்து கன்ட்ரோலரை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து லாரியைக் கிளப்பினேன்.

மதினி வந்து பின்னால் நின்றார்.

"எங்கட்டி போற?"

"தெரியாது மதினி. சரக்கைக் கொண்டுபோய் எறக்கணும்."

"கூட யாரும் இல்லியா?"

"இல்ல."

"நடுவுல யாரும் கூப்புட மாட்டாவளா?"

"மாட்டாவ."

பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல், "நான் கொஞ்சம் ஓட்டவா?" என்றார். நான் அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் எண்ணெய்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

வெடுக்கென்று வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினியிடம் நான் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் நேராகக் குழாயடிக்குப் போனார். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

வயர் நீளம் போதவில்லை. நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டியிருந்தது. அவருக்குப் பருத்தி எடுத்து வெடித்த விரல்கள். முதலில் வேலியில் மோதினார், பிறகு பாலத்தில். "பைய அமுக்குங்க மதினி, பைய," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் லாரி நேராக ஓட ஆரம்பித்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் பேசினார்.

"எங்க வீட்டுக்காரவ தவறிப்போன பொறவு ஒத்தையில ஒரு எடத்துக்கும் போனதில்லட்டி. பிள்ளையள் விட மாட்டாவ. குத்தாலத்துக்குப் போணும்னாக்கூட, எல்லாரையும் கெளப்புனாத்தான் எனக்கு வண்டியில எடம்."

அத்தனை வருஷமும் வேனைத்தான் பார்த்தேன். அதில் அவர் எங்கே உட்கார்ந்து வந்தார் என்று பார்க்கவில்லை. அதற்காக அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ராத்திரிக்கு அவ்வளவு பேருக்கும் அரிசி களைய வேண்டியவள் நான்தானே. ஆனால் அருவிக்குப் போனவர்கள் வாசலில் வந்து நின்ற பிறகும் நான் அவர் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கவில்லை.

சீசன் முடிந்தது. போன் அடங்கியது. பங்குனி வெயிலில் மலையைப் பார்த்தாலே தாகம் எடுத்தது, அருவி இருந்த இடத்தில் வெறும் பாறை. அப்போது ஒரு நாள் மதினி கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் பழக்க தோஷத்தில் நானே சொல்லிவிட்டேன்.

"தண்ணி ஒரு சொட்டு இல்ல மதினி. பாறைதான் தெரியுது."

"தண்ணிய யாருட்டி கேட்டா? லாரி ஓடுதா?"

"ஓடுது."

"நான் நாளைக்கு பஸ்ஸுல வருதேன். ஒத்தையில. பிள்ளையள்ட்ட சொல்லியாச்சு."

இந்த வீட்டுக்கு அருவி இல்லாத நாளில் யாரும் வந்ததே இல்லை.

"என்னட்டி, வரட்டா, வேண்டாமா?"

"வாங்க மதினி."

"கையைக் கழுவிட்டே வருதேன்," என்று போனை வைத்தார்.