பாதி ஆட்டத்தில் அணைகிற பெட்டி

இளஞ்செழியனின் அப்பா அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கடலை பயிரிட்டுக்கொண்டே, கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். மகன் நிலத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை, மேடையையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடவுள் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தான். வயது முப்பத்தெட்டு. பெரிய கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, பொறுமைசாலி என்று சொன்னால் அவன் மனைவியே சிரிப்பாள். ஆனால் ஒரு பெட்டி கெட்டுப்போனால், யாரோ தன்னைப் பேர் சொல்லித் திட்டியதுபோல எடுத்துக்கொள்வான். ரிப்பேர் தொழிலுக்கு அந்த ரோஷம் போதுமானதாக இருந்தது.

அவனுக்கு ஒரு சித்தாந்தமும் இருந்தது. பெட்டி பொய் சொல்லாது, தூக்கிக்கொண்டு வருகிறவன்தான் சொல்லுவான். "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு" என்று யார் வந்து நின்றாலும், "ஆமாங்க, அதுக்கே வாழ்க்கை வெறுத்துடுச்சு" என்பான். குற்றம் எப்போதும் எதிரில் நிற்பவருடையது. பதினாலு வருஷமாக இந்தச் சித்தாந்தம் அவனைக் கைவிட்டதில்லை. அதைச் சோதித்துப் பார்க்க அவன் முயன்றதும் இல்லை.

புரட்டாசியில் ராணியம்மாளின் பெட்டி வந்தது. ராணியம்மாள் கிரிவலப் பாதையில் மோரும் எலுமிச்சை சர்பத்தும் விற்கிறவள். மகள் கீர்த்தனா கல்லூரி முடித்து, அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமில் மாவட்டத்துக்கே தெரிந்த ஆளாகிவிட்டாள். போன வருஷம் ஐப்பசியில் அந்தப் பெட்டியை இளஞ்செழியன்தான் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தான். முன்பக்கம் முழுக்க கறுப்பு வலை, உள்ளே கலர் கலராக லைட்டு, நல்ல கிராபிக்ஸ் கார்டு. இப்போது அது ஆட்டம் தொடங்கிய இருபதாவது நிமிஷம் பட்டென்று அணைந்துவிடுகிறது.

"படம் பாத்தா நிக்கல, படிச்சா நிக்கல. கேம் ஆடினா மட்டும் நிக்குதுண்ணா" என்றாள் கீர்த்தனா.

"எங்க படிச்ச? நிக்குதா இல்லையான்னு பாக்க?" என்றாள் ராணியம்மாள். "ஏம்பா செழியா, இது மெசினு கோளாறு இல்ல. அண்ணாமலையாரு போதும்டின்றாரு."

இளஞ்செழியன் பெட்டியை வாங்கிக் கடை மேஜையில் வைத்தான். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினான். கடையில் எந்தப் பெட்டிக்கும் மூடி போட்டுப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. எப்படியும் திறக்கப் போகிறோம், எதற்கு மூட வேண்டும்? டிரைவர் சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டு கேமை மூன்று மணி நேரம் ஓடவிட்டான். ஒரு தடவைகூட அணையவில்லை. மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தான். வீட்டில் இருபதாவது நிமிஷம் அணைந்தது.

மறுபடி கடை. ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றினான். கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியது. வீட்டில் பதினெட்டாவது நிமிஷம் அணைந்தது.

"உன் கடைக்கி வந்தா சரியாயிடுது, வூட்டுக்கு வந்தா படுத்துக்குது. மாமியார் வூட்டுக்குப் போன பொண்ணாட்டம் இருக்குது" என்றாள் ராணியம்மாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கி இவளுக்கு என்னமோ அரையிறுதியாம். அன்னிக்கும் நின்னுச்சுன்னா திங்கக்கெழம இத வித்துடுவேன். ஜெராக்ஸ் கடை அப்பாதுரை கேட்டுனு இருக்கான். அப்புறம் இவ ஒழுங்கா புக்க எடுப்பா."

கீர்த்தனா இளஞ்செழியனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை கம்மியாகவும் அவநம்பிக்கை ஜாஸ்தியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே அவன் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டான். பெட்டி சாமிப் படங்களுக்குக் கீழே மேஜை மேல் இருந்தது. கேமை ஓடவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தவன் கையை உதறினான். தோசைக்கல். திரையில் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூற்றாறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"யக்கா, ஒரு ஊதுபத்தி ஏத்திக் குடுங்க."

ராணியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கப்பன் இருந்தா இத பாத்துட்டு நெஞ்ச புடிச்சினு வுழுந்திருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே, மனசு குளிர ஏற்றிக் கொடுத்தாள்.

அவன் ஊதுபத்தியைப் பெட்டியின் முன்வலைக்கு நேராகப் பிடித்தான். உள்ளே ஃபேன் சுற்றுகிறது, காற்றை இழுக்க வேண்டும், புகை வலைக்குள் நுழைய வேண்டும். புகை நுழையவில்லை. நேராக மேலே ஏறிச் சாமி படத்துக்குப் போனது. ராணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி அணைந்தது.

இளஞ்செழியன் அப்போதுதான் முன்வலையைப் பார்த்தான். மூன்று விபூதிப் பட்டைகள், நடுவில் சந்தனம், குங்குமம். இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்றால், திருவண்ணாமலையில் ஒரு பொருளின் மேல் விபூதி இருப்பதைக் கவனிக்கிறவன் வெளியூர்க்காரன். ஆட்டோவில் இருக்கிறது, எடை மெசினில் இருக்கிறது, அவன் கடை ஷட்டரிலும் இருக்கிறது. நகத்தால் சுரண்டினான். பட்டை உதிரவில்லை. தண்ணீரில் குழைத்துப் பூசிக் காய்ந்து, அதன் மேல் மறுபடி பூசிக் காய்ந்து, ஒவ்வொன்றும் நாலு விரல் அகலத்தில் சுவருக்குப் பட்டி பார்த்ததுபோல இறுகியிருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி வலையில் முக்கால்வாசியை அடைத்திருந்தன.

"யாருக்கா இத இப்பிடிப் போட்டது?"

"இன்னாபா, நீதானே சொன்ன? பெட்டி குடுக்க சொல்லோ வெறும் நெத்தியா இருக்குதேன்னு கேட்டேன். நீயே மொத பட்டைய போட்டுட்டு, வெள்ளிக்கெழமைக்கி வெள்ளிக்கெழம போடுங்கக்கா, சர்வீசே தேவப்படாதுன்ன. ஒரு வாரம் வுடல நானு."

அவனுக்கு ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டு மனைவியிடம் போய்ச் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

மணி பன்னிரண்டு. இப்போது ஒன்று செய்யலாம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆட்டம் முடியற வரைக்கும் மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெட்டி மூணு மணிக்கு ஓடும். அவன் பெயரும் நிற்கும். ஆனால் என்றைக்காவது மூடியை மாட்டுவார்கள், அன்றைக்கு அண்ணாமலையார் மறுபடி போதும் என்பார், பெட்டி ஜெராக்ஸ் கடைக்குப் போகும். உண்மையைச் சொன்னால், சாமி விஷயத்தில் நக்கல் பண்ணினவன் என்று ராணியம்மாள் சர்பத் கடையில் உட்கார்ந்தே மலையைச் சுற்றிச் செய்தி அனுப்பிவிடுவாள். அவனிடம் பெட்டி வாங்குகிறவர்களில் கற்பூரம் ஏற்றாமல் எடுத்துப் போகிறவர்கள் யாரும் இல்லை.

கீர்த்தனா பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, தப்பு என்னுதுதான்" என்றான் இளஞ்செழியன். பதினாலு வருஷத்தில் அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. "அது மூக்கு. நான் நெத்தின்னு பட்ட போட்டுட்டேன். மூச்சு அடச்சிக்குது. வெள்ளிக்கெழமன்னு சொன்னது… சும்மா நக்கலுக்குச் சொன்னது."

ராணியம்மாள் ஊதுபத்தியை அவன் கையிலிருந்து வாங்கிப் படத்துக்கு முன்னால் சொருகினாள்.

"தெரியும்பா. உங்கப்பன் பெத்த புள்ள பக்தியிலயா சொல்லுவ? நீ இளிச்சினேதான் சொன்ன. கிண்டலா சொன்னாலும் நல்லதத்தான சொல்றான்னு போட்டேன். மூக்குன்னு அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"அப்ப எனக்கும் தோணலக்கா."

"பதினாலு வருசமா இன்னாதான் பண்ற?"

அவன் வலையைக் கழற்றினான். தண்ணீரில் கழுவப் போனவனைத் தடுத்து, ராணியம்மாள் தோசைத் திருப்பியை எடுத்துவந்து தானே சுரண்டினாள். பேப்பரில் ஒரு கைப்பிடிக்கு மேல் சேர்ந்தது. கால் படாத இடமாக வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இனிமே எங்க போடறது?"

"மானிட்டர் முதுவுல போடுங்க."

"முதுவுல யாருப்பா பட்ட போடுவாங்க?"

கடைசியில் மேஜைக் காலில் போடுவது என்று முடிவாயிற்று. இளஞ்செழியன் ஃபேனைத் துடைத்து, வலையை மாட்டி, கண்ணாடியை மூடி நாலு திருகாணியையும் முடுக்கினான். ஊதுபத்தியை மறுபடி வாங்கிக் காட்டினான். புகை வளைந்து சர்ரென்று உள்ளே போனது.

மூணு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இருபதாவது நிமிஷத்தில் மூன்று பேரும் திரையைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்கள். எழுபத்திரண்டு டிகிரி. முப்பதாவது நிமிஷம், எழுபத்திரண்டு. நாற்பத்தோராவது நிமிஷம் கீர்த்தனா ஆட்டத்துக்குள் ஒரு கதவைத் திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தாள். சுடப்பட்டாள். அவள் டீம் தோற்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "நின்னு தொலைச்சிருந்தா இது மேலயாவது பழி போட்டிருப்பேன்" என்றாள்.

இளஞ்செழியனுக்கு அந்தச் சங்கடம் நன்றாகப் புரிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏன்டி அழுவற?" என்றாள் ராணியம்மாள். "தோத்தவ நீ, அது இல்ல. நிக்காத மெசின எதுக்கு விக்கறது? இங்கியே கெடக்கட்டும். நாளைக்கி எட்டு மணிக்கி புக்க எடுக்கற. சாயங்காலம் ஆறு மணிக்கி மேல அந்தக் கதவ எப்பத் தெறக்கறதுன்னு கத்துக்க."