மச்சான் சட்டையில் சிவப்புக் கறை

எங்கள் வீட்டு ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே சிவப்புக் கறை. டவாலி பெல்ட்டின் சாயம். என் மனைவியின் தம்பி போட்ட சட்டை அது. மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் மச்சான் டவாலி; கலெக்டருக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடப்பது வேலை. ரிடையர் ஆன அன்று பெல்ட்டையும் பித்தளை வில்லையையும் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். கறை மட்டும் வீட்டுக்கு வந்தது.

நான் கீரப்பாளையத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அதிகம் படித்ததில்லை. மகள் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனவள். மருமகனும் பேத்தியும் பின்னால் போவதாக ஏற்பாடு. விசாவுக்கு எழுதிப்போட இருந்த நேரத்தில், அந்த ஊர் மந்திரி, இந்த வேலைக்கு வருகிறவர்கள் இனிமேல் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்று சொல்லிவிட்டார். டிவியில் வந்தது. பேத்திக்கு வாங்கிய ஸ்வெட்டரை மனைவி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மச்சான் விடவில்லை. குறை இருந்தால் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுப்போம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்.

“அங்க எல்லாருக்கும் மேல யாரு மாமா? ராஜாதானே? நேரா அவருக்கே போட்டுடுவோம்.”

“ஆமா, ஒன் மனுவப் படிக்கத்தான் ராஜா காத்துக்கிட்டு இருக்காரு” என்றாள் என் மனைவி.

“நீ சும்மா இரு அக்கா. மனுன்னு போட்டா பதில் குடுத்தே ஆவணும்.”

ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து இங்கிலீஷில் எழுதவைத்தார். திங்கட்கிழமையாகப் பார்த்துத் தபாலில் சேர்த்தார்.

பதில் வந்துவிட்டது. தடித்த காகிதம், மேலே கிரீடம். மருமகன் படித்துச் சொன்னார். வருத்தம் புரிகிறதாம். ஆனால் ராஜா இதில் தலையிட முடியாதாம். மந்திரிமார் சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டுமாம். மனுவை அந்தத் துறைக்கே அனுப்பிவிட்டார்களாம்.

மச்சான் காகிதத்தை வாங்கிக் கிரீடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“ராஜாவும் டவாலிதான் மாமா! பெல்ட்டு அவரு மேல, கையெழுத்து பின்னால வர்றவரு கையில.”

அந்த மந்திரியையும் சபையில் கேள்வி கேட்பார்கள், ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியும் என்றார் மருமகன்.

“அதுக்குள்ள கொழந்த கல்யாணத்துக்கு நிக்கும், போங்க” என்றார் மச்சான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் உத்தரவு எழுத்தில் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் தடை. முன்பே அங்கே போய் வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய விதியே. மகள் முன்பே போனவள். இது தெரியாமல்தான் அத்தனை நாள் கிடந்தோம். விசா வந்தது. அன்று ஆட்டோவை ஓரங்கட்டி ஒரு டீ குடித்தேன். டீ ருசியாக இருந்தது. பல நாளாக ருசி தெரியாமலே குடித்திருக்கிறேன்.

அவர்களை வழியனுப்ப மச்சான் இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். ஏர்போர்ட் கூட்டத்தில் பேத்திக்கு முன்னால் கையை நீட்டி வழி விலக்கிக்கொண்டே நடந்தார். பழக்கம். அடுத்த வருஷம் மச்சான் இறந்துவிட்டார். சட்டையை மனைவி எடுத்து வந்து ஆணியில் மாட்டினாள்.

போன வாரம் பேத்தி போனில் ஒரு பெரிய இரும்பு கேட்டைக் காட்டினாள்.

“தாத்தா, ராஜா வீடு. ரொம்ப நேரமா நிக்கிறோம், ராஜா வெளியவே வரல.”

ஆணியில் தொங்கும் சட்டையைப் பார்த்தேன்.

“டூட்டில இருப்பாரும்மா” என்றேன்.