தனியாக இருக்கச் சேர்ந்து வந்தவர்கள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதி என்ன கிழிக்கப் போகிறேன்? பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆட்டோவின் பின்கண்ணாடியில் வசனம் எழுதியதுதான் அதற்குப் பிறகு நான் எழுதியது. ஆனால் ஹட்டனில் விடாத மழை, ஆட்டோவுக்கு ஒரு ஹயரும் இல்லை. பேச ஆள் இல்லாவிட்டால் எனக்குக் கை அரிக்கிறது.

எனக்கு ஒரு கூட்டாளி. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், ஒரே வரிசையில் பக்கத்துக் காம்பரா. எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கடவுள் கொடுத்த பேச்சை நானே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவன் பங்கில் ஒன்றும் மிச்சமில்லை. டவுனில் ஹார்ட்வெயார் கடை ஸ்டோரில் வேலை பார்த்தான். ஆணியோடும் சிமெந்து மூட்டையோடும் இருக்கும் வரையில் சந்தோஷமாக இருந்தான். முதலாளி அவனைக் கவுண்டரில் நிறுத்தி, வருகிறவர்களிடம் பேசச் சொன்னார். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டான். பையனை எதுவோ பயமுறுத்திவிட்டது என்று அவன் அம்மா பூசாரியிடம் கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டினார். கயிறு கட்டிய பிறகும் அவன் பேசவில்லை. பூசாரிதான் நிறையப் பேசினார்.

லயத்தில் தனியாக இருப்பது நடக்கிற காரியமா? ஒரு வீட்டுக்கு ஒரே காம்பரா, முன்னால் திண்ணை போலச் சின்ன இஸ்தோப்பு. அதில் அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, இவன். இந்தப் பக்கச் சுவரில் ஒரு டிவி நாடகம் அழும், அந்தப் பக்கச் சுவரில் இன்னொன்று. நீங்கள் தும்மினால் நாலாவது காம்பராவிலிருந்து மருந்து சொல்லுவார்கள்.

ஒருநாள் போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். கொழும்பு ஆட்கள் சிலர் கொத்மலைக்கு மேலே, மூடிப்போன ஒரு தோட்டத்தில் காடாய்க் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களாம். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பயிரிட்டுச் சாப்பிடப் போகிறார்களாம். அமைதியான ஆட்களுக்கு மட்டும்தான் இடம்.

"தனியா இருக்க ஆசப்படுறவங்க சேந்து இருக்கிற எடம்டா" என்றான். அவன் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"அப்ப நீச்சல் தெரியாதவங்க சேந்து ஆத்துல குதிக்கிற எடமும் இருக்கும். அதையும் தேடிப் பாரு" என்றேன்.

சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் படுக்கிற மூலையில் அன்றைக்கே அண்ணி குழந்தைக்குச் சேலையில் ஏணை கட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வேறு எங்கே கட்டுவாள்? ஆனால் அவன் அம்மா அந்த ஏணையைப் பார்த்துவிட்டு என் ஆட்டோவுக்கு வந்தார்.

"அங்க அவனுக்கு ஒத்துவரலன்னா திரும்பி வந்து எங்கப்பா படுப்பான்? எடமே இல்லையே. நீ அப்பப்ப போயி பாத்துட்டு வா, சாமி."

போனேன். பார்த்துச் சிரிக்கத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு பேர், ஏழு குடிசைகள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு குடிசையையும் ஒவ்வொரு பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் முதுகு காட்டிப் படுத்த மாதிரி இருந்தது அந்த மலை. சேர்ந்து சமைத்தால் பேச வேண்டி வருமே! அதனால் ஏழு அடுப்பு, ஏழு குட்டிச் சட்டி. அவர்கள் எரித்த விறகில் ஒரு கல்யாணத்துக்கே சோறாக்கலாம்.

தாடி வைத்த ஒருவர் என்னை வரவேற்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர்.

"இஞ்ச ஒருத்தரும் தலைவர் இல்லைத் தம்பி" என்றார். "ஆனா விடியத் துவங்கி மத்தியானம் மட்டும் ஒருத்தரும் கதைக்கக் கூடாது. அது நான் வைச்ச சட்டம்."

"மத்தியானத்துக்குப் பொறகு பேசலாமாண்ணே?"

"விருப்பமெண்டா கதைக்கலாம். ஒருத்தருக்கும் விருப்பமில்லை."

அங்கே ஒழுங்காக வளர்ந்தது போஞ்சி மட்டும்தான். கரட் வாடிப்போனது, உருளைக்கிழங்கு அழுகிப்போனது. போஞ்சி என் கூட்டாளி போட்டது. கம்பு நட்டு, கொடி ஏற்றி, பூத்துக் காய்த்து நின்றது. அதைப் பார்க்கும்போது மட்டும் அவன் முகத்தில் ஏதோ தெரிந்தது. இந்த இடம் நிலைத்தால்தான் அவனுக்கு ஒரு கதவும் ஒரு ஜன்னலும். நிலைக்காவிட்டால் ஏணைக்குக் கீழே.

அடுத்த தடவை அவன் அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டோடு காலையில் போனேன். போஞ்சிப் பாத்தியில் குரங்குக் கூட்டம். கம்பு கம்பாக ஏறி, பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிதானமாகச் சாப்பிடுகின்றன. நிமிர்ந்து பார்த்தேன். பாத்தியைப் பார்த்த ஜன்னலிலெல்லாம் ஒரு முகம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட வெளியே வரவில்லை. என் கூட்டாளியும் அவன் ஜன்னலில்தான் நிற்கிறான், அவன் போஞ்சி அவன் கண் முன்னால் போகிறது.

எங்கள் லயத்தில் குரங்கு வந்தால் முதலில் பார்க்கிறவன் தகரத்தைத் தட்டுவான். அவ்வளவுதான், மொத்த லயமும் தட்டுமுட்டோடு வெளியே வந்துவிடும். வருஷக்கணக்கில் பேசாத பங்காளிகள்கூட அப்போது ஒரே பக்கம் நின்று கத்துவார்கள். குரங்கு போனதும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் கிடைத்த வாளியைத் தூக்கித் தட்டிக்கொண்டே, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். குரங்குகள் மரத்துக்குப் பாய்ந்தன. அப்போதுதான் ஒரு கதவு திறந்தது. தாடிக்காரர் வாயில் விரலை வைத்தபடி வந்தார்.

"தம்பி, இன்னும் மத்தியானம் ஆகேல்லை" என்று காதுக்குள் சொன்னார்.

"அதக் கொரங்குகிட்ட சொல்லுங்கண்ணே!"

பிறகு விசாரித்ததில், ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று நினைத்தார்களாம். மற்றவர் அமைதியைக் கெடுக்கக் கூடாதாம். படம் வரைகிற சிங்களப் பெண் ஒருத்தி மட்டும் போனில் எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறாள். அந்த மலையில் சிக்னல் கிடைப்பது ரோட்டு வளைவில் மட்டும்தான், குரங்கு போன பிறகு அவள் அங்கே நடந்தபோதுதான் அது கிளம்பியிருக்கிறது. நான் கூட்டாளியை அந்த வளைவுக்கு இழுத்துப்போனபோது அவன் போன் சிணுங்கியது. 'குரங்கு வந்திருக்கு. விரட்டுறது எல்லாருக்கும் சம்மதமா?' என்று இருந்தது.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நீயாவது கத்தியிருக்கலாமேடா, ஒன் போஞ்சிதானே?"

"வாய் வரைக்கும் வந்துச்சி. கத்த வரல."

அன்று பின்னேரம் கூட்டம் போட்டார்களாம், யார் குரங்கு விரட்டுவது என்று. முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் பேசினார், அதற்கு இன்னொருவர் பதில் சொன்னார். பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அன்றைக்கே கொட்டித் தீர்த்திருக்கிறார்கள். யார் அடுப்புப் புகை யார் ஜன்னலுக்குள் வருகிறது, யார் இருமுகிறார், யார் கதவை அடித்துச் சாத்துகிறார், எல்லாம் வெளியே வந்தது. எங்கள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் தோற்றுப்போவார்கள். மறுவாரம் இருவர் கிளம்பினார்கள், பிறகு படக்காரி, பிறகு மற்றவர்கள். கடைசியாகத் தாடிக்காரரும் போய்விட்டார். அந்த இடத்தில் சத்தம் கூடிவிட்டதாம்.

தனிமை பிடித்தவன் கூட்டாகப் பிழைப்பானா என்று கொழும்பில் யாராவது கேட்டால் இனி நான் சொல்லுவேன். கூட்டு என்றால் என்ன? குரங்கு வரும்போது நான் கத்தினால் நீயும் கத்துவது. அதற்கு வாய் வேண்டும். அடுத்தவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவர்களுக்கு நிலம் எதற்கு, சட்டம் எதற்கு? ஆளுக்கொரு ரூமில் கதவைப் பூட்டிக்கொண்டு கொழும்பிலேயே கிடந்திருக்கலாம், பாவம் போஞ்சியாவது தப்பித்திருக்கும்.

அவன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஏணையை அவிழ்த்து இஸ்தோப்பில் கட்டிப் பார்த்தார். அங்கே சாரல் அடித்தது. திரும்ப உள்ளே கட்டினார். "பரவால்ல, கூட்டிட்டு வா, ஒடுங்கிக்கிடலாம்" என்றார்.

ஜெயித்தவன் மாதிரி ஆட்டோவை விட்டேன். அவன் பாத்தியில் குந்தி மறுபடி போஞ்சி நட்டுக்கொண்டிருந்தான். ஆறு குடிசைகள் பூட்டிக் கிடந்தன. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வலப்பனை ஊர் முதலாளி ஒருவர். காட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டாராம், அரிசி பருப்பும் அனுப்புகிறாராம். தன்னிறைவு போனது, சோறு வந்தது. அவன் ஜன்னலிலிருந்து பாத்தி வரை ஒரு கயிறு ஓடியது. அதில் காலிப் பால்மாத் தகர டப்பாக்களாகத் தொங்கின. உள்ளே இருந்தபடி ஒரு இழு இழுத்துக் காட்டினான். மலையே அதிர்ந்தது. கத்த வேண்டியதில்லை.

வெறும் தேயிலையில் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். நான் குடித்துக்கொண்டே அவன் அம்மா அழுவதைச் சொன்னேன், ஏணையைச் சொன்னேன், ஆட்டோ ஸ்டாண்டில் நடந்த சண்டையைச் சொன்னேன், டவுன் கதை முழுக்கச் சொன்னேன். அவன் தகரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெசமா சொல்லுடா, ஒத்தையா கெடக்கிறியே, ஒனக்கு இங்க என்னா வேணும்? எதுன்னாலும் கொண்டாந்து தாரேன்."

"நீ கெளம்புனா போதும்டா."