மாலை போட்ட என் படம்

எங்கள் காலனியில் சிலர் இன்றைக்கும் என்னோடு பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்வை என் நெற்றிக்குப் போய்விடும். அங்கே படத்துக் கண்ணாடி மேல் வைத்த குங்குமம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருக்கும். அவர்களைக் குறை சொல்லி என்ன? தொண்ணூறுகளில் ஒரு வருஷத்துக்கு மேல் வாராவாரம் அவர்கள் வீட்டு டிவியில் மாலை போட்ட படமாகத் தொங்கியவன் நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

கிண்டியில் சர்க்கார் ஆபீஸ் வேலை, கிழக்குத் தாம்பரத்தில் வீடு. இரண்டுக்கும் நடுவில் நடிப்புப் பித்து. எண்பதுகளில் சபா நாடகங்களில் மாமனார், இன்ஸ்பெக்டர், கடன்காரன் என்று கிடைத்ததையெல்லாம் போட்டேன். அந்தப் பழக்கத்தில் சினிமாவிலும் துண்டு துக்கடா வேடங்கள் வந்தன. கோர்ட் காட்சியில் பின்வரிசை, ஆஸ்பத்திரிக் காட்சியில் கையை விரிக்கிற டாக்டர். ஒரு முறை பிணம்.

அந்தப் பிண வேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டலூர்ப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் படப்பிடிப்பு. மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, மேலே ரோஜா மாலை. நாலைந்து பேர் மேலே விழுந்து அழ, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஷாட் ஓகே ஆனதும் எழுந்து போகலாம் என்று பார்த்தால் டைரக்டர் விடவில்லை. கேமராவை மறுபடி ஓடவிட்டு, எழுந்து உட்கார்ந்து நன்றாகச் சிரிக்கச் சொன்னார். பிணமாக நடித்தவரைச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தோஷம் கழிய. அந்தத் துண்டு படத்தில் வராது. அதோடு ஒரு பூசணிக்காயும் உடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சு என்றதும் முகம் வெளிறியவள், சிரிக்க வைத்தார்கள் என்று கேட்ட பிறகுதான் காப்பி கலக்கப் போனாள். எதற்கு அந்தத் துண்டைப் படத்தில் சேர்ப்பதில்லை என்று உள்ளேயிருந்து கேட்டாள். சேர்த்தால் அதுவும் செத்தவன் கதையாகிவிடும், அப்புறம் சிரித்தும் பிரயோஜனமில்லை என்று பெரிய விஷயம் தெரிந்தவன் போல விளக்கினேன்.

அப்புறம் டிவி தொடர்கள் வந்தன. சபா நாள்களில் எனக்குப் பழக்கமான ஒருவர் ஒரு தொடருக்கு ப்ரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தார். ஆபீசுக்கே போன் செய்து, அப்பா கேரக்டர் இருக்கிறது, பண்ணுகிறீர்களா என்றார். "அந்தக் குடும்பத்துக்கே ஆணிவேர் சார் அது. எல்லா எபிசோட்லயும் வருவீங்க." என் வாழ்க்கையில் அதுவரை எதிலும் நான் இரண்டாவது காட்சியைத் தாண்டியதில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். வெள்ளைச் சட்டை போடச் சொன்னார்கள், பவுடர் பூசினார்கள், ஒரு போட்டோ எடுத்தார்கள். மேக்கப் டெஸ்ட் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஷூட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. என் பகுதியைப் பிறகு எடுப்பார்களாக்கும் என்று அதற்கும் நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். நடிகனுக்கு இந்தக் கண்டுபிடிப்பில் குறைச்சலே இருக்காது.

முதல் செவ்வாய்க்கிழமை காலனியில் பாதிப்பேர் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மனைவி தட்டுத் தட்டாக வெங்காய பஜ்ஜி போட்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர், ரயில்வே மனிதர், என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

டைட்டில் முடிந்தது. வெளிறிய புடவையில், நெற்றியில் பொட்டில்லாமல் ஓர் அம்மா விளக்கேற்றுகிறார். கேமரா மெதுவாகச் சுவரில் ஏறுகிறது. சந்தன மாலைக்குள் நான் இருக்கிறேன். கண்ணாடியில் குங்குமம், கீழே மினுக்மினுக்கென்று ஒரு சிவப்பு பல்பு. உங்கப்பா மட்டும் இருந்திருந்தா என்று அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்துகிறார்.

கூடத்தில் ஒரு குழந்தை, "மாமா செத்துட்டாரா?" என்று கேட்டு முதுகில் ஓர் அடி வாங்கியது. எதிர்வீட்டுக்காரர் என் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஃப்ளாஷ்பேக் வரும் சார், கட்டாயம் வரும் என்றார். அதற்குள் ஆளாளுக்கு எழுந்து செருப்பைத் தேடினார்கள். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. துக்க வீட்டில் யார் பஜ்ஜி சாப்பிடுவார்கள்? அவமானத்தில் பூமி பிளக்கும் என்பதெல்லாம் பொய். அது பாட்டுக்கு அப்படியே இருக்கிறது, நாம்தான் அதன்மேல் நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லாரும் போன பிறகு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சிரிக்க வச்சாங்களா?"

போட்டோதானே எடுத்தார்கள், போட்டோவுக்கு யார் சிரிக்க வைப்பார்கள் என்றேன். அதற்கடுத்த செவ்வாயிலிருந்து அந்தத் தொடர் நேரம் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, தாலியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொள்வாள். பார்க்க வேண்டாமே என்றால், நான் பாக்கலேன்னாலும் அங்க மாலை தொங்கத்தானே தொங்கும் என்பாள். செவ்வாய்க்கிழமைகளில் என்னை மின்சார ரயிலில் போகவிடாமல் பஸ்ஸில் அனுப்பினாள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். படித்தவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள். அவளை இந்தக் கதிக்கு ஆளாக்கியது என் பவுடர் ஆசைதான் என்று நினைக்க நினைக்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே கேலி வேறு. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் க்ளாஸை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், உன்ன டிவில மாட்டி வச்சிகினு கீறாங்க? ஆணி ஸ்ட்ராங்கா கீதா?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்துத் தொலைப்பேன். எதிர்வீட்டுக்காரரோ ஒவ்வொரு புதன்கிழமையும் ஃப்ளாஷ்பேக் எப்போது என்று அக்கறையாக விசாரிப்பார். டீக்கடைக்காரரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் மனைவியே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெருங்களத்தூரில் ஒரு வாடகை பங்களாவில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வாங்க, போய்க் கேட்கலாம் என்றாள்.

உள்ளே போனால் கூடத்துச் சுவரில் நான். நிஜத்தில் அந்தப் படம் டிவியில் தெரிவதைவிடப் பெரிது. லைட் போடுகிற பையன்கள் என்னைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். என் விதவையாக நடிக்கிற அம்மா நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்துவிட்டார். ஷாட் இல்லாத நேரமாதலால் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்திருந்தார். ஷாட் முடிந்த மறு நிமிஷம் வைத்துக்கொண்டுவிடுவாராம். என் மனைவி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். படத்தைச் சுவரிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். கன்டின்யூட்டி போய்விடும் சார் என்றார். ஆளை மாற்றி வேறு படம் மாட்டலாமே என்றேன். புருஷனை எப்படி சார் மாத்தறது என்றார். யூனிட் சிரித்தது. என் மனைவி முன்னால் வந்தாள்.

"சாவு சீன்ல நடிச்சா சிரிக்க வச்சு அனுப்புவாங்களாமே. இவரை நீங்க அப்படியே அனுப்பிட்டீங்க. ஒரே ஒரு தடவை எடுத்துடுங்க சார், நாங்க போயிடறோம்."

யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் முதலில் தயங்கினார். என் விதவை அவரிடம் போய், இதுகூடச் செய்யலேன்னா எப்படி, எனக்கே தினமும் மனசு உறுத்துது என்று மெல்லச் சொன்னார். ஸ்டூல் வந்தது. என் படத்துக்கு நேர் கீழே என்னை உட்கார வைத்தார்கள். கேமரா ஓடியது.

சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷ நடிப்பு, சபாவில் கைதட்டல் வாங்கிய வாய், ஒரு சிரிப்பு வரவில்லை. உதடு மட்டும் இழுத்துக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் சார், இன்னும் கொஞ்சம் என்றார்கள். லைட் பையன்கள் எனக்காக வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கழுத்தில் வியர்வை ஓடுவது எனக்கே தெரிந்தது. மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"நிஜமாவே செத்தாகூட இந்த மூஞ்சி இவ்ளோ மோசமா இருக்காது" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை மாதம் பயந்து பயந்து வாயில் வராமல் காத்த வார்த்தையை, ஊரார் முன்னால், என் மாலைக்குக் கீழேயே போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வர, எங்கள் இருவருக்கும் மட்டுமான ஒரு சிரிப்பு. ரயிலில் திரும்பி வரும்போது அவள் தாலியைத் தொடவே இல்லை. வெங்காய பஜ்ஜி செய்யட்டுமா என்று கேட்டாள்.

கொஞ்ச காலம் நிம்மதியாகப் போனது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் பரீட்சைத் தாள் திருத்தியபடியே தொடர் பார்த்தாள்.

அப்படி ஒரு செவ்வாயில், தொடரில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அந்த அம்மா என் படத்தைப் பார்த்து நிற்கிறார். திரை அலை அலையாக நெளிகிறது, வீணை வாசிக்கிறது. நான் வருகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்து அந்த அம்மா கண்ணீரோடு புன்னகைக்கிறார்.

எனக்கு ஒரு துள்ளல் வந்ததே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. "பாத்தியா, ஃப்ளாஷ்பேக்" என்று எழுந்து, எதிர்வீட்டுக்காரர் பார்த்தாரா என்று ஜன்னலுக்கு ஓடினேன். அவர் பார்த்திருந்தார். அவரும் தன் ஜன்னலுக்கு வந்து, சூப்பர் சார், வந்துட்டீங்க சார் என்று கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

பின்னால் டிவி அணைகிற சத்தம் கேட்டது.

"அது படத்துல வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "இப்ப அதுவும் செத்தவரோடதா போச்சு."

திரும்பிப் பார்த்தேன். பரீட்சைத் தாள்கள் மடியிலிருந்து சரிந்து கிடந்தன. அவள் கை கழுத்துக்குப் போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் கையும் ஜன்னல் கம்பிக்கு வெளியே இன்னும் தூக்கியபடியே இருந்தது.