தணிக்கை நாளில் ஓசூருக்கு

காலை 4.45. ஓசூர் பேருந்து நிலையத்தில் முதல் ஷிப்டுக்குப் போகும் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஊத்தங்கரை வழியாகச் சிங்காரப்பேட்டைப் பக்கம் இன்னும் அறுபது. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து யாழினி என்ற பதினாறு வயதுப் பெண்ணை நான் அழைத்துவந்து, பிற்பகல் மூன்றுக்குள் ஓசூரில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் அதிகாரியாக இருந்தவன். ஒன்பது வயதில், பெற்றோர் இல்லாமல் படகேறி வந்த சீலன், பின்னாளில் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தான். மாதம் இரண்டு நாள் வரமாட்டான். ஏன் என்று கேட்காமலே அவனை வேலையிலிருந்து நிறுத்தினேன். முகாமில் பதினைந்து நாளுக்கொரு முறை ஆள் சரிபார்ப்பார்கள், இல்லாதவர் பெயர் பதிவிலிருந்து போய்விடும் என்பது, பல வருடம் கழித்து அவன் என் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தபோதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"அது போனது போகட்டும் சார். என்ர மகளுக்கு ஒரு இடம் பாருங்கோ."

அந்த மகள்தான் யாழினி. முகாமிலேயே பிறந்தவள், பதிவில் அவளும் அகதிதான்.

8.40. முகாம். தகரக் கூரைகளுக்கு நடுவே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தணிக்கை இன்றைக்கு என்று முந்தின இரவுதான் தகவல் வந்ததாம். சீலனும் வரிசையை விட்டு நகர முடியாது. அதிகாரி வரப் பதினொன்றாகும் என்றார் முகாம் தலைவர். அதுவரை காத்திருந்தால் மூன்றுக்குள் ஓசூர் போய்ச் சேர முடியாது. அவர் அதிகாரியை அழைத்ததும் யாழினி போனை வாங்கினாள்.

"சார், எண்பத்தி ரெண்டாம் வீட்டு யாழினி பேசுறேன். காலேஜ்ல சேரப் போறேன். வரலைன்னு போடுங்க, ஏன் வரலைன்னும் போடுங்க."

ஆறு மணிக்குள் ஊத்தங்கரை அலுவலகத்துக்கு நேரில் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தன்னால் ஆகாது என்று பதில் வந்தது. வரிசையிலிருந்த ஒரு பெண், "ஓசூர்க்காரி, வரும்போது ரோஜாப்பூ வாங்கிட்டு வாடி," என்றாள். பேருந்து ஏறும்வரை யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

1.15. பாலிடெக்னிக். சேர்க்கை முடிந்தது. எழுத்தரிடம் அவள் முதலில் கேட்டது விடுமுறையைப் பற்றி.

"மாசம் ரெண்டு நாள் செக்கிங்குக்குப் போகணும் சார். இப்பவே சொல்லிடறேன்."

சேர்ந்த அன்றே லீவா என்று அவர் முகம் சுளித்தார். நான் பேச வாயெடுத்தேன்.

"தாத்தா, நான் பேசிக்கிறேன்," என்றாள். பேசினாள். அவர் துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டு, சரி என்றார்.

திரும்பும்போது சூளகிரியில் லாரிகள் நெரித்துக்கொண்டு அரை மணி நேரம் போயிற்று. ஊத்தங்கரையில் இறங்கி அவள் ஓடினாள்; என்னால் நடக்கத்தான் முடிந்தது. நான் அலுவலகத்தை எட்டியபோது மணி 5.50. அவள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஓடி வருவியா?" என்றார் அதிகாரி.

"வருவேன் சார்."

அவளைச் சிங்காரப்பேட்டைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் எதிர்த்திசையில் ஏறினேன். கிருஷ்ணகிரியில் ஒரு நண்பர் இருக்கிறார். களைப்பாக இருந்ததால் அங்கேயே இறங்கி அவர் வீட்டில் படுத்துக்கொண்டேன். நான் ஓசூர் திரும்பாததை எந்த அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த வயதுவரை இப்படித்தான் நினைத்த ஊரில் தூங்கியிருக்கிறேன். அது எல்லோருக்கும் கிடைக்காத, எனக்குக் கிடைத்த ஒன்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.