தகடு இல்லாத கவச உடை

ஈப்போவில் ராணுவ பாணிச் சாமான்கள் விற்கும் கடையில் அப்போது நான் வேலை செய்தேன். புதுச் சரக்கு வந்தால் படம் எடுத்து முகநூலில் போடுவோம். மறுநாளே ஒரு காவலாளி வந்து நிற்பார். தெலுக் இந்தான் பக்கம் வங்கிப் பண வண்டியில் போகிறவர். ஒல்லியான உடம்பில் சீருடை தொளதொளவென்று தொங்கும். எந்தக் கவச உடையைக் கொடுத்தாலும் மாட்டிக்கொண்டு, விரல் முட்டியால் நெஞ்சில் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். வாங்கியதே இல்லை.

ஒரு நாள், புதிதாக வந்த கறுப்புக் கவச உடையைக் கழற்றாமலேயே, "இத எடுத்துக்கிறேன்" என்றார்.

"அண்ணே, இது வெறும் துணிலா. உள்ள வைக்கிற தகடு இதுல இல்ல. குண்டு பட்டா தாங்காது."

"தெரியும் தம்பி. போன மாசம் என்கூட வண்டியில வந்தவன சுட்டுட்டானுங்க. அதுலேர்ந்து வீட்டுக்காரி தூங்குறதே இல்ல. நான் இத போட்டுக்கிட்டுப் போறத அவ பாத்தா போதும்லா."

"அக்கா கேட்டா?"

"கம்பெனி கொடுத்ததுன்னு சொல்லிருவேன்."

தோள் பட்டையை நான்தான் இறுக்கிவிட்டேன்.

அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அவரோடு வேலை செய்கிறவர்கள் சிலர் காலுக்குச் சப்பாத்து வாங்க வருவார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று அவர்களிடம் கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.